அளவுச் சட்டை

தையற்கடைக்குப் போகும் தமிழர் பலரின் கையில் புதுத் துணியோடு ஒரு பழைய சட்டையும் இருக்கும். அதற்கு அளவுச் சட்டை என்று பெயர். பெண்களுக்கு அளவு ரவிக்கை. தையற்காரர் அதை மேசைமேல் விரித்து, கையால் நீவி, நாடாவை ஓட்டி, நான்கைந்து எண்களைக் குறித்துக்கொள்வார். உடம்பு கடைக்கு வரவேண்டிய தேவையே இல்லை. நன்றாகப் பொருந்திய ஓர் உடைதான் அடுத்த உடைக்கு அளவுகோல். இந்த வழக்கத்திற்குத் தமிழில் பெயர் உண்டு. அதை ஒரு முறை என்று எவரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

செம்பூரில் தங்கிப் படிக்கும் ஓர் ஆய்வு மாணவருக்கு அது ஒரு முறைதான் என்பது சப்பான் நாட்டுச் சட்டை ஒன்றின் வழியாகத் தெரியவந்தது. கதை சிறியது. ஆனால் அதில் நானூறு ஆண்டு வணிகமும், ஒரு தையற்காரரின் கூலியும் உள்ளன.

அந்தச் சட்டையை விற்றது ஆண்களுக்கான உடைகளை மட்டும் குறைந்த எண்ணிக்கையில் தைத்து விற்கும் ஒரு சிறிய சப்பானிய நிறுவனம். கருநீலத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும் பருத்தித் துணி. அதன் விவரக் குறிப்பில் ‘தோசன்’ என்ற ஒரு சொல் இருந்தது. மாணவர் அதன் வரலாற்றைத் தேடிப் போனார். போன இடம் சென்னை மயிலாப்பூருக்குப் பக்கத்தில் முடிந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து பருத்தித் துணிகள் ஒல்லாந்தரின் கப்பல்களில் நாகசாகிக்குப் போயின. அக்கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் பழவேற்காடு. அங்கே 1613-இல் அவர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். போர்ச்சுகீசியர் சாந்தோம் என்று பெயரிட்ட ஊரின் பெயரைத்தான் சப்பானியர் அத்துணிகளுக்கு இட்டனர்: ‘சந்தோமே’. கோடு போட்ட சந்தோமே துணி ‘சந்தோமே சிமா’ ஆயிற்று. அதன் உயர்ந்த இறக்குமதி வகைக்கு ‘தோசன்’ என்ற பெயர் நிலைத்தது. எதோ நகரத்தின் வணிகர் மக்கள் பகட்டான பட்டுடுத்தக் கூடாதென்று அரசாணைகள் தடுத்த காலத்தில், இந்த அடக்கமான கோட்டுத் துணி அந்நகர ஆடவரின் நாகரிகமாக வளர்ந்தது. பின்னர் தோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள காவகோவே என்னும் ஊரார் அதை நெய்யக் கற்று, தம் ஊர்ப் பெயரிலேயே விற்றனர். சாந்தோம் என்ற ஒலி உருமாறி, துணியின் பெயராகி, ஆண்களின் உடைக்குள் தங்கிவிட்டது. நெய்தவர் எவர் என்ற செய்தி மட்டும் அந்தப் பெயரோடு பயணம் செய்யவில்லை.

மும்பைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1893-இல் நிப்பான் யூசென் கப்பல் நிறுவனம் கோபே துறைமுகத்திலிருந்து பம்பாய்க்குக் கப்பல் விட்டது. சப்பானியக் கப்பல் நிறுவனங்கள் தொடங்கிய முதல் நெடுந்தொலைவுப் பயண வழி அதுதான். சம்செட்சி டாட்டா அதற்குத் துணை நின்றார். ஒசாகாவின் நூற்பாலைகளுக்கு இந்தியப் பருத்தி வேண்டியிருந்தது. அந்தப் பருத்தியின் இழை நீளம், வலிமை, மென்மை ஆகியவற்றை ஆராயும் கூடம் 1924-இல் மாதுங்காவில் நிறுவப்பெற்றது. இன்று அது மையப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். அதன் மதிலுக்கு அப்பால் சற்று நடந்தால் மாதுங்காப் பூக்கடைத் தெரு. அங்கே தமிழ்ப் பெண்கள் இன்றும் மல்லிகையை முழத்தால் அளந்து விற்கின்றனர். இழையை மில்லிமீட்டரில் அளக்கும் ஆய்வகமும் முழங்கையால் பூவை அளக்கும் கடையும் ஒரே வட்டாரத்தில் நூறாண்டாக இருந்துவருகின்றன. இரண்டுக்கும் இடையே சண்டையில்லை.

மாணவர் அந்தச் சட்டையை வாங்க விரும்பினார். விலை 22,000 யென். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 12,500 ரூபாய். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் 17,500-ஐத் தொடும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஒரு மாத வருவாயில் கிட்டத்தட்டப் பாதி. சட்டை பொருந்தாமற்போனால் திருப்பி அனுப்புவதற்கு இன்னொரு சட்டையின் செலவாகும். ஆகவே 1, 2, 3 என்ற மூன்று அளவுகளில் எது தமக்கு என்பது விளையாட்டான கேள்வியாக இருக்கவில்லை.

அளவு அட்டவணையில் நான்கு சொற்கள் இருந்தன: ‘கதகாபா’, ‘மிகாபா’, ‘கிதாகே’, ‘சொதேதாகே’. முறையே தோள் அகலம், உடல் அகலம், நீளம், கை நீளம். மாணவர் தம் மார்பை நாடாவால் சுற்றி அளந்தார். 38 அங்குலம், அதாவது 96.5 செண்டிமீட்டர். அதைப் பாதியாக்கினால் 48 சொச்சம். அட்டவணையில் மிகச் சிறிய அளவான 1-க்கே உடல் அகலம் 53 என்றிருந்தது. எனவே 1 போதும், அதுவே தொளதொளவென்று இருக்கும் என்று முடிவு செய்தார். பணம் கட்டுவதற்கு முன் ஓர் ஐயம் எழவே, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்தார்.

தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரும்பு ஏணியில் ஏறிச் செல்லவேண்டிய மேல்தளத்தில், திருநெல்வேலிக்காரரான ஒரு தையற்காரர் கடை வைத்திருக்கிறார். மாணவர் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார். கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் மாணவருக்குச் சட்டை தைப்பவர் அவர்தான். காலையில் பெரிய வணிகர்களுக்குக் கூலிக்குத் தைப்பு. மாலையில் தெரிந்தவர்களுக்கு அளவுத் தையல். ஒரு சட்டைக்கு 400 ரூபாய்.

அண்ணாச்சி அட்டவணையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “இது ஒடம்பு அளவா, சட்டை அளவா, தம்பி?”

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. ஆயத்த ஆடை நிறுவனங்கள் பலவற்றின் அட்டவணைகள் உடம்பின் அளவைச் சொல்கின்றன. உடையில் எவ்வளவு தளர்வு விட்டிருக்கிறது என்பதை நிறுவனமே வைத்துக்கொள்கிறது. சப்பானிலும் அத்தகைய தரம் உண்டு. அந்நாட்டுத் தொழில்துறைத் தரநிலை ஆடவர் உடலை மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வேறுபாட்டால் வகைப்படுத்துகிறது. வேறுபாடு 12 செண்டிமீட்டரானால் ஏ வகை. 16 ஆனால் ஒய். 8 ஆனால் பி. வேறுபாடே இல்லையானால் ஈ. எழுத்தை அடுத்துவரும் எண் உயரத்தைக் குறிக்கும். ஏ5 என்றால் 170 செண்டிமீட்டர் உயரம் உள்ள ஏ வகை ஆள். 1992-94-இல் ஏறத்தாழ 34,000 பேரை அந்நாட்டில் அளந்தனர். இந்தியாவிலும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தை மேற்கொண்டது. தேர்ந்தெடுத்த ஆறு நகரங்களில் மும்பை உண்டு, தென்னாட்டிற்குப் பெங்களூர், சென்னை இல்லை. தமிழுடம்பு அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டுமானால் ஊரைவிட்டு வந்த உடம்பாக இருக்கவேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

சிறிய நிறுவனங்களுக்கு இந்த வகைப்பாடெல்லாம் கட்டுப்படியாகாது. அவை தைத்து முடித்த சட்டையைத் தரையில் விரித்து, அப்படியே அளந்து எழுதிவிடுகின்றன. உன்னிடம் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றை எடு, இதேபோல் விரி, அள, ஒப்பிடு என்பதே அவை வாங்குபவருக்குச் சொல்லும் வழி. அண்ணாச்சிக்கு இதை விளக்கவேண்டியிருக்கவில்லை. “அளவுச் சட்டை கொண்டாந்திருக்கீங்கள்லா? கழட்டுங்க” என்றார். மாணவர் அணிந்திருந்தது அவர் தைத்த சட்டைதான்.

மேசைமேல் சட்டை விரிந்தது. பொத்தான்கள் பூட்டப்பட்டன. அக்குளுக்குக் கீழே குறுக்கே நாடா ஓடியது. இருபத்தொன்றேகால் அங்குலம், 54 செண்டிமீட்டர். தோள் 18, கிட்டத்தட்ட 45.7. நீளம் 29, 73.7. கை 23, 58.4. நாடாவின் ஒரு பக்கத்தை அண்ணாச்சி படித்தார்; மறுபக்கத்தை மாணவர் படித்தார். 38 அங்குல மார்பிற்குச் சட்டையின் சுற்றளவு நாற்பத்திரண்டரை. இடையிலுள்ள நாலரை அங்குலந்தான் மூச்சு விடுவதற்கும் கையை உயர்த்துவதற்கும் உரிய இடம். மாணவர் செய்ய இருந்த பிழை அந்த நாலரை அங்குலத்தில் இருந்தது.

அட்டவணையின் 2-ஆம் அளவு: தோள் 45, அகலம் 55, நீளம் 73, கை 61. “கை நீளமா இருக்கே?” என்று மாணவர் தயங்கினார். அண்ணாச்சி கையைத் தனியாகப் பார்க்கவில்லை. கழுத்தின் பின்பக்க நடுவில் நாடாவை வைத்துத் தோள்வழியே மணிக்கட்டு வரை இழுத்தார். தோளில் பாதி 9, கை 23, ஆக 32. தோள் இறங்கினால் கை குறையவேண்டும். தோள் ஏறினால் கை நீளவேண்டும். இரண்டும் சேர்ந்த கணக்கே கணக்கு என்றார். சப்பானிய மொழியில் இந்த அளவுக்கு ‘யுகி’ என்று தனிப் பெயரே உண்டு. கிமோனோ தைப்பவர்களின் சொல் அது. இன்று கடையில் விற்கும் சட்டைக் கழுத்துப்பட்டியிலும் அந்த எண் அச்சாகிறது. அண்ணாச்சி பெயரில்லாமலே அதை அளந்துகொண்டிருந்தார்.

2-ஆம் அளவின் யுகி 83.5 செண்டிமீட்டர். மாணவரின் தேவை 81.3. ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக மிகுதி. ஆனால் அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது: அளவுகள் துவைக்காத நிலையில் எடுத்தவை, முதல் துவைப்பில் நீளவாட்டில் சுமார் 3 விழுக்காடு சுருங்கும். அண்ணாச்சி தலையசைத்தார். பாவும் ஊடும் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. தறியில் விறைப்பாக இழுபட்டு நின்றது பாவு. நனைந்தால் அதுவே மிகுதியாகச் சுருங்கும். அதனால்தான் நல்ல தையற்காரர் பருத்தியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுவார். மூன்று விழுக்காடு கழித்தால் யுகி 81. சரியாகப் பொருந்தியது. நீளம் மட்டும் 73-லிருந்து 70.8-க்கு வந்து, வழக்கத்தைவிட ஓரங்குலத்திற்கு மேல் குறையும். “சட்டைய உள்ள விடுவீங்களா, வெளிய விடுவீங்களா?” என்றார் அண்ணாச்சி. வெளியே என்றார் மாணவர். “அப்ப ரெண்டே எடுங்க.”

பிறகு ஒன்று சொன்னார்: “ஒங்களுக்கு இடது தோள் அரை இஞ்சு எறக்கம். நான் அதுக்குச் சேத்துத் தைப்பேன். ரெடிமேடுல அது வராது பாத்துக்கிடுங்க.”

இருபத்தேழு வயது வரை மாணவருக்குத் தம் இடது தோள் இறங்கியிருப்பது தெரியாது. கண்ணாடியில் கண்டதுமில்லை. ஆறாண்டுகளாக அண்ணாச்சி தைத்த ஒவ்வொரு சட்டையும் அந்தக் குறையைச் சத்தமில்லாமல் மறைத்துவந்திருக்கிறது.

தமிழில் உடையின் அளவு எங்கே இருந்தது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நாலு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி என்று உடைக்கு நீளமே பெயர். அது எவர் இடுப்புக்கும் ஏற்கும். உடுத்துபவரின் கைதான் பொருத்தத்தை உண்டாக்கும். கிமோனோவும் அத்தகையதே. ஏறக்குறைய 36 செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரே துணிச்சுருளை நேர்க்கோட்டில் வெட்டித் தைப்பது. உடம்பின் வேறுபாடு கட்டும் விதத்தில் சரிசெய்யப்படும். எண்சாண் உடம்பு என்று தமிழர் சொல்வதும் அவரவர் கைச்சாணால் எட்டு என்பதே. குழந்தையும் பயில்வானும் எண்சாண்தான். தைத்த உடை வந்தபின் பொருத்தம் உடுத்துபவர் கையிலிருந்து தைப்பவர் கைக்கு மாறியது. சொற்களும் அப்போது வெளியிலிருந்து வந்தன. பொத்தான் போர்ச்சுகீசியச் சொல். சப்பானியரும் அதே சொல்லை வாங்கி ‘பொதான்’ என்கின்றனர். காஜா என்று நம் தையற்கடைகளில் வழங்குவதும் போர்ச்சுகீசியத்தில் வீட்டையும் பொத்தான் துளையையும் குறிக்கும் ‘காசா’வின் வழி வந்தது. துளை, பொத்தானின் வீடு. அரபியின் ‘சுப்பா’ நம்மிடம் ஜிப்பாவாகவும், போர்ச்சுகல் வழியே சுற்றிப்போய்ச் சப்பானில் கிமோனோவின் உள்ளாடையான ‘சுபானா’கவும் நிற்கிறது. ஒரே கப்பல் வழியில் இரு கரைக்கும் இறங்கிய சொற்கள் இவை.

அளவுகோலிலும் அவ்வாறே. சப்பானில் துணிக்கென்றே ‘குசிராசாகு’ என்ற தனி அடிக்கோல் இருந்தது; ஏறத்தாழ 37.9 செண்டிமீட்டர். 1959-இல் மெட்ரிக் முறை கட்டாயமானபின் அந்தக் கோலைச் செய்வதும் விற்பதும் குற்றமாயிற்று. 1970-களில் ஏய் ரொக்குசுகே என்னும் பாடலாசிரியர் கைவினைஞர்களுக்காக இயக்கம் நடத்திய பின்னரே அதற்கு வழி பிறந்தது. இந்தியாவில் 1956-இன் சட்டம் மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்தது. தையற்காரரின் அங்குலம் எந்த இயக்கமும் இன்றி நாடாவின் ஒரு பக்கத்தில் தங்கிவிட்டது.

மூன்று வாரத்தில் சட்டை வந்தது. மாணவர் துவைத்து, உலர்த்தி, அணிந்துகொண்டு தாராவிக்குப் போனார். அதற்கிடையில் ஏணியின் அருகே சுவரில் வண்ணத்தால் ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பின் எண் அது. 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மேல்தளத்தாருக்குத் தாராவிக்கு வெளியே என்பது ஏற்பாடு. அண்ணாச்சி மேல்தளம். வாடிக்கையாளர் எல்லாரும் அந்தச் சந்தைச் சுற்றியவர்கள். “எங்கிட்டுப் போகச் சொல்லுவானோ” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கையில் வாங்கினார்.

முதலில் வெளிப்பக்கத்தைப் பார்க்கவில்லை, உட்பக்கத்தைத் திருப்பினார். துணியின் வெட்டுவாய் எங்கும் தெரியவில்லை. ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. கட்டைவிரல் நகத்தால் ஓர் அங்குலத்தை அடையாளமிட்டு ஊசிப் பதிவுகளை எண்ணினார். இருபத்தொன்று. கூலித் தைப்பில் பத்துப் பன்னிரண்டு போட்டால் போதும் என்பார்கள். அதற்கு மேல் போட்டால் நேரம் போகும், நூல் போகும், கேட்பார் இல்லை. பக்கத் தையலில் கோடும் கோடும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துச் சற்றுநேரம் நின்றார்.

இடது கை சற்றே இறங்கி நின்றது. தோளைப் பிரித்து ஏற்றலாம். “இந்தத் தையலப் பிரிக்க மனசு வரல, தம்பி” என்று சொல்லி, இடது மணிக்கட்டுப் பட்டியின் பொத்தானைக் கால் அங்குலம் தள்ளி வைத்துத் தைத்தார். பட்டி மணிக்கட்டில் இறுகியதால் கை கீழே நழுவாமல் நின்றது. அதற்குக் காசு வாங்கவில்லை.

நூலை அறுத்துவிட்டுச் சொன்னார்: “இப்பிடித் தைக்க எனக்கும் தெரியும். கேக்க ஆள் வேணும்லா.”

அதில் புகாரில்லை, பெருமையுமில்லை. மாணவர்தாம் சங்கடப்பட்டார். ஒரு தையலின் அருமையை உணர அவர் 17,500 ரூபாய் கொடுத்து அதைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அதே தொகைக்கு அண்ணாச்சி நாற்பதுக்கு மேற்பட்ட சட்டைகள் தைக்கவேண்டும். சப்பானிய நிறுவனம் ஏமாற்றவில்லை. அதன் விலையில் நேரத்தின் மதிப்பு சேர்ந்திருக்கிறது. தாராவியின் விலையில் அது சேரவில்லை. சாந்தோமின் பெயர் மட்டும் துணியில் ஒட்டிக்கொண்டு நெசவாளி உதிர்ந்துபோன பழைய கணக்கு, ஏணிக்கு மேலே உள்ள அந்த அறையிலும் நடந்துகொண்டிருந்தது.

மாணவர் கேட்டார்: “இருபத்தொரு தையல் போட்டு, கோடு சேத்து, எனக்கு ஒண்ணு தைக்க எவ்வளவு நாள் ஆகும், அண்ணாச்சி?”

“ரெண்டு நாள் முழுசா ஆகும்.”

“கூலி?”

“நீங்களே சொல்லுங்க.”

இதுவரை எவரும் அவரிடம் அந்தச் சட்டையைக் கேட்டதில்லை. ஆகவே அதற்கு விலையும் இல்லை. மாணவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து நாலாயிரம் என்றார். அண்ணாச்சி சிரித்தார். அலமாரியிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். முப்பதாண்டு உடம்புகள் அதில் உள்ளன: தோ, மா, நீ, கை என்று ஓரெழுத்துத் தலைப்புகள், கீழே அங்குல எண்கள், சிலவற்றின் பக்கத்தில் ‘கூனு’, ‘தொப்பை’, ‘இடது எறக்கம்’ என்ற குறிப்புகள். மாணவரின் பக்கத்தைப் புரட்டி 2,500 என்று எழுதி, அடியில் கோடிட்டார். “இது தாராவி, தம்பி. அதுக்கு மேல எழுதினா நானே நம்ப மாட்டேன்.”

துணியை நனைத்துக் கொண்டுவரச் சொன்னார். கடை எங்கே போனாலும் நோட்டு தம்மிடம்தான் இருக்கும் என்றும் சொன்னார். மாணவர் ஏணியில் இறங்கும்போது, அணிந்துவந்த சப்பானியச் சட்டையை அண்ணாச்சி மேலே நிறுத்திவைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் தருவதாக ஏற்பாடு. அளவுக்காக அன்று, மாணவரின் அளவுதான் நோட்டில் இருக்கிறதே. தையலைப் பார்த்துக்கொள்வதற்காக.